பழைய மஸ்கெலியாவா, லூல்கந்துரவா?

இலங்கை மலையகத்தில் ஆள் இல்லாமல் போன பழைய இடம் ஒன்றைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே போவது? தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து சித்தப்பா வீட்டார் வந்திருந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. தோட்டத் தமிழர்களில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பம் அது. அங்கே போயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. அதனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தேயிலை மலையும் பனியும் புதிதில்லை. நீர்வீழ்ச்சி, பூங்கா எதுவும் வேண்டாம் என்றார்கள். "தாத்தா காலத்து இடம் ஏதாவது மிச்சம் இருந்தா அதைக் காட்டுங்க பெரியப்பா" என்று கேட்டார்கள்.

யோசித்துப் பார்த்ததில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று, ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலில் வணிகத்துக்காகத் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டம். மற்றது, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய மஸ்கெலியா நகரம். லூல்கந்துரவை நான் முன்பே பார்த்திருந்தேன். இவர்களோடு மஸ்கெலியாவுக்குப் போனோம். மறுபடி யாராவது கேட்டாலும் மஸ்கெலியா என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லா மாதத்துக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

போக்குவரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மஸ்கெலியாவுக்கு ஹட்டன் வரை ரயில், அங்கிருந்து நோர்வூட் வழியாக பஸ். லூல்கந்துரவுக்குக் கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக ஏற வேண்டும். கடைசிப் பகுதி தோட்டத்துப் பாதை. செங்குத்து அதிகம், ஆட்டோதான் வசதி. இரண்டு இடத்துக்கும் குடை, நல்ல சப்பாத்து, வீட்டிலிருந்து கட்டிய சோறு போதும்.

லூல்கந்துரவைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அழகான இடம். 1852இல் பதினேழு வயதுகூட நிரம்பாமல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த டெய்லர், 1867இல் அங்கே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். அப்போது நாடு முழுக்கக் கோப்பிதான். இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் போட்ட அந்தப் பத்தொன்பது ஏக்கர் இல்லாவிட்டால் மலையகம் வேறு மாதிரி இருந்திருக்கும். நம்முடைய வாழ்க்கையும்தான். ஆரம்பத்தில் பங்களா வராந்தாவிலேயே கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி போட்டுக் காயவைத்தார்கள். அந்த வீடு இப்போது இல்லை. புகைபோக்கியோடு சேர்ந்த அடுப்பங்கரைக் கல்லும் கிணறும் மிஞ்சியிருக்கின்றன. மேலே ஏறினால் அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்ததாகச் சொல்லும் கல் இருக்கை. நல்ல வெயில் நாளில் அங்கே நின்றால் மனது நிறைந்துவிடும். மழை நாளிலும் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் மஸ்கெலியா அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

அப்புறம் ஏன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை? அங்கே எஞ்சியிருப்பதெல்லாம் ஒரே ஒரு மனிதனுடையது. அடுப்பு அவருடையது, கிணறு அவருடையது, இருக்கையும் அவருடையது. அந்தக் காட்டை வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், கன்று நட்டவர்கள் எங்கே தூங்கினார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் கை நீட்டிக் காட்ட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியில் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்தவர்கள் போக மிச்சம் வந்தவர்கள். 1892இல் இறந்த டெய்லருக்குக் கண்டி மகியாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அவரிடம் வேலை செய்தவர்களைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலைச் செடி நிற்கலாம். இது டெய்லர் மீது குற்றம் சொல்வதல்ல. வந்த பிள்ளைகள் கேட்டது தாத்தாவின் இடத்தை, துரையின் இடத்தை அல்ல.

பழைய மஸ்கெலியா வேறு மாதிரி. அது தோட்டத்து ஆட்கள் வந்து போன டவுன். மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுஸ்ஸாகலை அணை கட்டி முடிந்தபோது நகரம் தண்ணீருக்குள் போனது. மேட்டில் புதிய மஸ்கெலியா எழுந்தது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் இந்துக் கோயில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே வரும். மூன்றும் ஒரே சின்ன ஊரில், நடந்து போகக்கூடிய தூரத்தில். சுற்றிலும் வெடித்த சேற்று நிலம், அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே சிவனொளிபாதமலையின் அடர்ந்த காடு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாகச் சேர்த்த மத்திய மலைநாட்டில் அந்தக் காடும் ஒரு பகுதி.

இவ்வளவையும் படத்திலும் பார்த்துக்கொள்ளலாம். நேரில் போவதற்கு நான் சொல்லும் காரணம் வேறு. அந்தத் தெருவில் நடந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

என் மனைவியின் பெரியப்பா அந்த ஊரில் சிறு பையனாக ஓடித் திரிந்தவர். அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். கரையில் நின்றபோது எங்களுக்குத் தெரிந்தது சேறும் கல்லும்தான். அவர் தடியால் கோடு போட்டு, இது மெயின் ரோட்டு, இந்தப் பக்கம் புடவைக் கடை, அதற்கு அடுத்தது அடகுக் கடை, அங்கே சலூன், சம்பள நாளில் இந்த இடத்தில் நடக்க முடியாது என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். தீபாவளிக்கு முன்கூட்டிக் கடனாகத் துணி கொடுத்த கடைக்காரர், சம்பள நாளன்று கடைவாசலில் கடன் கணக்குக் கொப்பியோடு நின்றதைச் சொன்னார். மூன்று தோட்டத்துச் சனம் ஒரே கிணற்றடியில் கால் கழுவிவிட்டுக் கோயிலுக்குள் போனதைச் சொன்னார். கோயில் வாசலில் சித்தப்பா கற்பூரம் ஏற்றினார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். லூல்கந்துரவில் அந்தக் கல் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று நான் இவர்களுக்கு எதைச் சொல்லியிருப்பேன்? படித்ததைச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இடிந்த இடத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எவ்வளவு சுவர் மிச்சம் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். அந்தக் கணக்கில் இரண்டு இடமுமே ஏமாற்றும். ஒன்றில் ஒரு அடுப்பு, மற்றதில் மூன்று வழிபாட்டு இடங்களின் எச்சம். ஆனால் சுவருக்குப் பக்கத்தில் நின்று "நான் இங்கே இருந்தேன்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் அந்தக் கணக்கே வேறு. லூல்கந்துரவில் அப்படி ஒருவர் இருந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மஸ்கெலியாவில் இன்னும் இருக்கிறார்கள். 1969இல் பத்து வயதில் இருந்தவர் இப்போது அறுபத்தைந்தைத் தாண்டியிருப்பார். கடை வைத்திருந்தவர்கள், பஸ் ஓட்டியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். டெய்லரின் அடுப்புக் கல் இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் அங்கேதான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போகலாம். மஸ்கெலியாவில் கதை சொல்ல ஆள் இருக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்றால் எனக்கு இதில் குழப்பமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பெரியப்பா அந்த இடத்தில் நின்று சொன்னதால்தான் எனக்கே உறைத்தது. அந்த அணை நாட்டுக்கு மின்சாரம் தந்தது. லக்ஷபான பக்கத்து மின் நிலையங்களுக்குத் தண்ணீர் இங்கிருந்தும் போகிறது. அதே காலத்தில், மின்கம்பிகளுக்குக் கீழே இருந்த லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பல வருடக்கணக்காகக் குப்பி விளக்கோடுதான் இருந்தன. ஊரைக் கொடுத்தவர்களுக்கு வெளிச்சம் பிந்தித்தான் வந்தது. இந்தக் கதையை நம் பிள்ளைகள் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

சரி, இனி மஸ்கெலியாவின் குறைக்கு வருகிறேன். தண்ணீர் இறங்காவிட்டால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் நீர்த்தேக்கம் நிறையும். மழை குறையும் மாதங்களில் மின்சாரத்துக்காகத் தண்ணீரை எடுக்க எடுக்க இறங்கும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாய்ப்பு அதிகம், ஆனால் எல்லா வருடமும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. நல்ல மழை பெய்த வருடம் என்றால் பங்குனியிலும் தண்ணீர்தான் தெரியும். ஆகவே தேதியைப் போட்டுவிட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். மஸ்கெலியாவில் கடை வைத்திருக்கும் யாரையாவது பிடித்து, "கோயில் தெரியுதா?" என்று போனில் கேட்டுவிட்டு வாருங்கள். வெளியூரிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வருகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை, மறுக்கவில்லை. சித்தப்பா வீட்டார் வந்த நேரம் அமைந்தது எங்களுக்கு அதிர்ஷ்டம்.

அதே மாதங்கள்தான் சிவனொளிபாதமலை சீசனும். மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் போயா வரை நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களெல்லாம் மஸ்கெலியா வழியாகத்தான் போகும். சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிர்த்து வாரநாளில் போனால் ரோட்டிலேயே அரைநாள் போகாது.

சேறு விஷயத்தில் கவனம் தேவை. மேலே காய்ந்து வெடித்திருக்கும், கால் வைத்தால் உள்ளே இழுக்கும். ஊர்க்காரர் ஒருவர் நடந்த தடத்திலேயே நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடவே கூடாது. நடக்க முடியாத பெரியவர்களைக் கரையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடலாம், அவர்கள் சொல்வதற்கு அந்தத் தூரம் போதும். கோயிலுக்குள்ளோ விகாரைப் பக்கமோ போனால் சப்பாத்தைக் கழற்றுங்கள். கல்லோ ஓடோ எதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது இன்னும் பலருக்குக் கும்பிடும் இடம்.

கொத்மலையில் மூழ்கிய கடதொர விகாரையையும், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய தெல்தெனியவையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அந்த இரண்டு அணைகளும் 1985இல் திறந்தவை. அங்கே வாழ்ந்தவர்கள் மஸ்கெலியாக்காரர்களைவிட இளையவர்கள், கதை சொல்ல அதிகம் பேர் இருப்பார்கள். ஆனால் இரண்டையும் நான் ரோட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். இறங்கி நடந்து, ஊர்க்காரரோடு பேசிப் பார்க்காமல் அவற்றை மஸ்கெலியாவுக்கு மேலேயோ கீழேயோ வைப்பது நியாயமில்லை. என் அனுபவம் இரண்டு இடத்தோடு நிற்கிறது. லூல்கந்துரவிலும் வழிகாட்டி யாரையும் வைத்துக்கொள்ளாமல்தான் சுற்றினேன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பழைய கங்காணியோ கணக்கப்பிள்ளையோ கூட வந்திருந்தால் என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

மழை தொடங்கிவிட்டது, தண்ணீர் மேலே இருக்கிறது என்றால் தயங்காமல் லூல்கந்துரவுக்குப் போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டமாகக் கொண்டுபோகிற ஆசிரியர்களுக்கும் நான் அதையே சொல்வேன். சேற்றில் ஐம்பது பிள்ளைகளை மேய்க்க முடியாது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இறங்கியிருந்து, வீட்டில் பழைய டவுனைத் தெரிந்த ஒருவரும் இருந்தால், மஸ்கெலியாவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். "எப்படி இருந்தது பெரியப்பா?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். பஸ் எங்கே நின்றது, முதல் கடை யாருடையது, அதற்கு அடுத்தது என்ன என்று கேளுங்கள். மூன்றாவது கடைக்கு வருவதற்குள் அவர் தானாகவே பேசத் தொடங்கிவிடுவார்.