சார்லி ஹெப்டோ: காசு கொடுத்து வாசிக்கிறவனின் மதிப்பீடு

பரிசில் இருக்கிற எங்கட ஆக்களில் கனபேருக்கு, சார்லி ஹெப்டோ என்ற பிரெஞ்சுக் கேலிப் பத்திரிகை என்றால் 2015 ஜனவரி 7 மட்டும்தான்: நபியைக் கீறியதற்காக அதன் அலுவலகத்துக்குள் துவக்கோடு புகுந்து ஆட்களைக் கொன்ற நாள். "நபியைக் கீறி வாங்கிக் கட்டின பேப்பர்" என்று லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தேத்தண்ணி குடித்தபடி சொல்லி முடித்துவிடுவார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் கையிலும் அந்தப் பேப்பரை நான் கண்டதில்லை. நான் வாங்கி வாசிக்கிறவன். உள்ளுக்குள் என்ன இருக்கிறது, காசு கொடுக்கலாமா, யாருக்குச் சரிவராது என்பதை எழுதுகிறேன்.

புதன்கிழமைகளில் வரும். வழக்கமாக 16 பக்கம், சாதாரண அச்சுத்தாள். விளம்பரம் ஒன்றும் கிடையாது. கார் கொம்பனியும் இல்லை, வங்கியும் இல்லை. வாசகன் கொடுக்கிற காசில்தான் ஓடுகிறது. 2015-ல் விலை 3 யூரோ, இப்போது அதைவிடக் கூட. பதினாறு பக்கத்துக்கு அது கூடவா என்று கேட்டால், விளம்பரத்தைக் கழித்துவிட்டு மற்றப் பேப்பர்களில் மிஞ்சுவதை எண்ணிப் பாருங்கள் என்பேன்.

நான் ஊரில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவன். இங்கே வந்து சமையலறை வேலைக்குப் போனாலும் எழுத்துப்பிழை இன்னும் கண்ணில் குத்தும். இந்தப் பேப்பரில் பிழை மிக அரிது. அதனாலேயே முஸ்தபா உராத் என்ற பெயர் எனக்கு மறப்பதில்லை. அல்ஜீரியாவில் பிறந்தவர், சார்லியில் பிழை திருத்தியவர். கொல்லப்பட்ட 12 பேரில் அவரும் ஒருவர். ஷார்ப், கபு, வொலின்ஸ்கி, தினூஸ், ஒனோரே என்று படம் கீறினவர்களின் பெயர்களை உலகம் சொல்லும். மற்றவன் எழுதின வசனத்தில் கால்புள்ளியைச் சரிபார்த்துக்கொண்டு மேசையில் இருந்த மனிசனை யார் சொல்வது? பக்கத்துத் தெருவில் சுடப்பட்ட பொலிஸ்காரர் அஹ்மெத் மெராபெத் ஒரு முஸ்லிம்.

இதை நான் தூரத்துக் கதையாக வாசிக்க ஏலாது. 2006 மே 2, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முதல்நாள் பின்னேரம், யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் துவக்கோடு புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டு யுனெஸ்கோ அந்த நாளைக் கொண்டாடியதே கொழும்பில்தான். அங்கே பிரச்சினை மதமில்லை, அரசியல். ஆனால் அச்சடித்த தாளுக்குப் பதில் சொல்லத் துவக்கோடு வருகிறவன் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் எனக்கு ஒன்றுதான். உதயன் இன்றைக்கும் வருகிறது. சார்லியும் வருகிறது, விலாசத்தை வெளியில் சொல்ல முடியாத ஒரு கட்டடத்திலிருந்து.

முதல்தரம் வாங்குகிறவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அந்தக் கிழமை அட்டைக்குக் கீறித் தள்ளுபடியான படங்களை "நீங்கள் தப்பிய அட்டைகள்" என்ற தலைப்பில் அங்கே போடுவார்கள். ஒரு ஆசிரியர் குழு எதை எடுத்தது, எதை விட்டது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிற வேறு பேப்பர் நான் பார்த்ததில்லை. சில கிழமை, விட்டதுதான் எடுத்ததைவிட நல்லது.

உள்ளே கேலிச்சித்திரத்தைவிட எழுத்துத்தான் கூட: சுற்றாடல், சிறைகள், தூர நாட்டு அறிக்கைகள், பொருளாதாரப் பத்தி. 2020 செப்ரெம்பரிலிருந்து டிசெம்பர் வரை அந்தக் கொலைகளுக்கான வழக்கு பரிசில் நடந்தபோது யானிக் ஏனெல் நாளாந்தம் எழுதினார், பிரான்சுவா புக் நீதிமன்றத்தில் இருந்து படம் கீறினார். தங்கட சொந்தச் சாவுகளின் வழக்கைத் தாங்களே எழுதுகிறார்கள். குற்றக் கூட்டில் நின்றவர்களின் முகத்தைக்கூட புக் அவசரப்பட்டுப் பேயாகக் கீறவில்லை. எனக்கு இந்தப் பேப்பரில் மதிப்பு வந்தது அங்கேதான்.

சரி, மதம். "முஸ்லிம்களைத்தான் எப்பவும் பிடித்து இழுக்கிறார்கள்" என்பது பொதுவான குற்றச்சாட்டு. இரண்டு சமூகவியலாளர்கள் 2005 முதல் 2015 வரை வந்த 523 அட்டைகளை எண்ணி 'லு மொந்த்' பத்திரிகையில் எழுதினார்கள். மதத்தை முதன்மையாகக் குறிவைத்தவை 38. அதில் இஸ்லாம் 7, கிறிஸ்தவம் 21. மதத்தைத் தொடாத மற்ற அட்டைகளில் பெரும்பங்கு அரசியல்வாதிகளுக்கு.

எங்கட தெய்வங்களும் தப்பவில்லை. 2021 ஏப்ரல் 28 இதழில் ஜுவான் கீறிய படம்: நிலம் முழுக்க கொரோனாவால் மூச்சுக்குத் தவிக்கிற இந்தியர்கள், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், இந்தியாவில் 33 மில்லியன் கடவுள் இருந்தும் ஆக்சிஜன் தயாரிக்க ஒருவருக்கும் ஏலாது என்று வசனம். எங்கட மச்சாள் ஒருத்தி சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டில் தேடி அம்புலன்சில் கிடந்த கிழமை அது. மனிசி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாமியறைக்குள் போனா. எனக்குக் கோபம் வந்தது. முப்பத்து முக்கோடி தேவர்கள் என்ற கணக்கில் ஒரு சைபரை விட்டதற்காக இல்லை. அன்றைக்குக் கேள்வி கேட்கப்படவேண்டியது கூட்டம் கூட்டித் தேர்தல் நடத்தினவர்களையும், இரண்டாவது அலைக்கு முன் ஆக்சிஜனை ஒழுங்குபண்ணாதவர்களையும். தெய்வத்தைப் பிடித்தது சோம்பேறித்தனமான குறி. மோசமான படம். ஆனால் அதற்காக ஜுவானின் வீட்டுக் கதவை யாரும் தட்டக்கூடாது. அடுத்த புதனும் நான் பேப்பர் வாங்கினேன். கல்லைப் பார்த்துக் கேள்வி கேட்ட சித்தர்களைத் திருவிழா மேடையில் பாடவிட்டுக் கைதட்டுகிற சனம் நாங்கள், இதையும் தாங்கலாம்.

தாங்கமுடியாது என்று சட்டம் போட்ட நாடுகளில் என்ன நடக்கிறது என்று தெரியும். இலங்கையில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பிக்குகளைப் பற்றி முகநூலில் போட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி ஓகஸ்டில்தான் பிணையில் வந்தார். மும்பையில் 'அவத்நாமா' உருதுப் பத்திரிகையின் ஆசிரியர் ஷிரின் தால்வி, 2015 ஜனவரியில் சார்லியின் அட்டையை மறுபிரசுரம் செய்ததற்காகக் கைதானார். மன்னிப்புக் கேட்டும் விடவில்லை, அந்தப் பதிப்பே மூடப்பட்டது. புண்பட்டேன் என்று ஒருவர் முறைப்பாடு கொடுத்தால் போதும், பொலிஸ் வரும். புண்ணின் அளவை யார் அளப்பது?

பிரான்சில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டத்துக்குப் பிறகு தெய்வநிந்தனை குற்றமில்லை. மனிதரை அவரது மதத்துக்காக இழிவுபடுத்தினால் குற்றம். அது 1972-ல் சேர்ந்தது. நம்பிக்கையைத் திட்டலாம், நம்புகிறவனைத் திட்டக்கூடாது. 2006-ல் டென்மார்க் பத்திரிகை ஒன்றில் வந்த நபி படங்களை சார்லி மறுபிரசுரம் செய்தபோது, "முட்டாள்களின் அன்பைத் தாங்குவது கஷ்டம்" என்று நபி தலையில் கைவைத்துச் சொல்கிற மாதிரி கபு அட்டை கீறினார். பரிஸ் பெரிய பள்ளிவாசல் உட்பட முஸ்லிம் அமைப்புகள் வழக்குப் போட்டன. அது நாகரிகமான வழி, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. 2007 மார்ச்சில் நீதிமன்றம் பத்திரிகையை விடுவித்தது: கபுவின் படம் தீவிரவாதிகளைத்தான் சொல்கிறது, முஸ்லிம்கள் எல்லோரையும் இல்லை என்று.

சட்டம் தெளிவு. வாழ்க்கை அவ்வளவு தெளிவில்லை. என்னோடு சமையலறையில் நிற்கிறவன் ஒரு மாலி நாட்டுப் பெடியன், ஐந்து வேளை தொழுகிறவன். ஒருநாள் பாத்திரம் அடுக்கியபடி சொன்னான்: "அண்ணை, அவங்கள் கீறட்டும், நான் பார்க்கப் போறதில்லை. ஆனா ஒவ்வொரு தரமும் ஏதும் நடந்தால், நீ என்ன நினைக்கிறாய் என்று என்னைத்தான் கேக்கினம். உங்களை ஒருத்தரும் கேக்கிறேல்லை." அவன் சொல்வது நியாயம். அதற்கான பதிலை சார்லி தரமுடியாது. கேட்கிற முதலாளிமாரும் சகவேலையாட்களும்தான் வாயை மூடவேண்டும். 2020-ல் வகுப்பில் சார்லியின் நபி படங்களைக் காட்டியதற்காக ஆசிரியர் சாமுவேல் பத்தியின் தலை வெட்டப்பட்ட கிழமை, அந்தப் பெடியன் வேலைக்கு வந்து தலை நிமிரவேயில்லை. அவன் ஏன் தலைகுனிய வேண்டும்?

குறைகளையும் சொல்லவேணும். 2016-ல் இத்தாலிப் பூகம்பத்தில் செத்தவர்களை லசாஞ்சா அடுக்குகளாகக் கீறினார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை, கேள்வி கேட்கப்பட்ட அதிகாரமும் இல்லை. 2008-ல் மூத்த சித்திரக்காரர் சினேயை ஒரு பத்திக்காக வேலையால் நிற்பாட்டினார்கள். யூத விரோதம் என்றார்கள், பிறகு நீதிமன்றம் அந்த நீக்கம் முறையற்றது என்றது. புண்படுத்தும் உரிமைக்காக நிற்கிற பேப்பர் தன் ஆளுக்கே அதைக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்னும் நெருடல்.

யாருக்குச் சரிவராது? பிரெஞ்சு இப்போதுதான் படிக்கிறவர்களுக்கு. கொச்சைச் சொல்லும், கட்சிக்காரரின் பட்டப்பெயரும் நிறைய. ரீவியில் செய்தி பார்க்காதவருக்கு அரைவாசி விளங்காது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மேசையில் போடவேண்டாம், படங்கள் பச்சையானவை. அரசியல் தெரிந்த, லிசே (உயர்நிலைப் பள்ளி) படிக்கிற பிள்ளைகளோடு இருந்து வாசித்தால் நல்ல வாக்குவாதம் கிடைக்கும். என் மகள் பாதிக்கு மேல் என்னோடு உடன்படுவதில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். உடனே சந்தா கட்டாமல் ஒரு மாதம் கடையில் வாங்கிப் பாருங்கள். சில கியோஸ்குகளில் வெளியே தொங்கவிடமாட்டார்கள், உள்ளே வைத்திருப்பார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.