சிக்னல், மேட்ரிக்ஸ், பிரையர்: அரட்டையின் தடம் யாரிடம் தங்குகிறது?

ஒரே மைய சர்வரை நம்பியிராத, மையமற்ற வலையமைப்பு என்றாலே அந்தரங்கம் பத்திரம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. சிக்னல், மேட்ரிக்ஸ், பிரையர் ஆகிய அரட்டைச் சேவைகளை எடுத்துக்கொள்வோம். தனி அரட்டையில் செய்தியின் உள்ளடக்கத்தை இம்மூன்றுமே முனைக்கு முனை குறியாக்கம் செய்ய வல்லவை; அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும். யார், யாருடன், எப்போது பேசினார் என்ற மெட்டாடேட்டா எங்கே தேங்குகிறது என்பதில்தான் இவை பிரிகின்றன.

சிக்னல் முழுக்க ஒரே அமைப்பின் கையில் இருக்கிறது. ஆனாலும் 2016-இல் அமெரிக்காவில் பயனர் தகவல் கேட்டு சம்மன் வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களால் எதையும் தர முடியவில்லை. சேர்த்துவைக்காததைக் கொடுக்க முடியாதல்லவா. பலவீனம் வேறிடத்தில்: 2021 ஜனவரியில் புதியவர்கள் குவிந்ததும் சேவை மொத்தமாகப் படுத்துவிட்டது. பதிவு செய்ய ஃபோன் எண்ணும் கட்டாயம். செயலியின் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், எண்ணை யார் பார்க்கலாம், எண்ணை வைத்து யார் தேடலாம் என்ற இரண்டையும் 'யாருமில்லை' என மாற்றுங்கள். PIN எண் வைத்து, பதிவுப் பூட்டையும் (Registration Lock) போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எண்ணைக் கைப்பற்றுபவர் உங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்வார்.

மேட்ரிக்ஸில் யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம். பிரெஞ்சு அரசின் 'சாப்' செயலி இதன் மேல் கட்டப்பட்டதுதான். ஆனால் ஓர் அறையில் (அரட்டைக் குழுவில்) எத்தனை சர்வர்களின் ஆட்கள் இருக்கிறார்களோ, அத்தனை சர்வர்களிலும் அறையின் வரலாறு பிரதியாகிறது. அறையின் பெயர், உறுப்பினர் பட்டியல், நேரம் எல்லாம் குறியாக்கமின்றியே போகின்றன. செய்தியை அழித்தால் மற்ற சர்வர்களுக்குப் போவது வேண்டுகோள் மட்டுமே. கேட்பதும் கேட்காததும் அவற்றை நடத்துபவர் கையில். மேட்ரிக்ஸ் சர்வர் மென்பொருளான சினாப்ஸை நீங்களே நடத்தினாலும், உங்கள் சர்வரே இயல்பு அமைப்பில், அழித்த உள்ளடக்கத்தை 7 நாள் வைத்திருக்கும்.

சொந்த சர்வர் போடுவதானால் டொமைனை (சர்வரின் இணையப் பெயரை) யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பின்னால் மாற்ற வழியில்லை. ஒரே ஆள் இருக்கும் சர்வரில் அந்த டொமைனே உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தரவுத்தளமாக, இயல்பாக வரும் எஸ்கியூலைட்டை விட்டு, தொடக்கத்திலேயே போஸ்ட்கிரெஸ்கியூஎல் போடுவது நல்லது. ஆயிரக்கணக்கானோர் உள்ள பொது அறையில் சேர்ந்தால் சின்ன சர்வர் நினைவகம் போதாமல் திணறும். மற்ற சர்வர்கள் உங்களைக் கண்டுகொள்ளவில்லையா? சர்வர்கள் தங்களுக்குள் பேசும் 8448 போர்ட் (இணைப்பு வாயில்) திறந்திருக்கிறதா, அல்லது 443-க்குத் திருப்பிவிட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடிக்கடி வரும் புகார், பழைய செய்திகள் திறக்கவில்லை என்பது. குறியாக்கத்தைத் திறக்க உதவும் மீட்புச் சாவியை எழுதி வைக்காமல் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறியவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும்.

பிரையருக்கு மைய சர்வரே கிடையாது. இணையம் இருந்தால், இருப்பிடத்தை மறைக்கும் டார் (Tor) வலையமைப்பு வழியாக, இல்லாவிட்டால் புளூடூத் அல்லது வைஃபை மூலம் பக்கத்திலிருப்பவருக்குச் செய்தி போகும். எண்ணும் மின்னஞ்சலும் கேட்காது. மெட்டாடேட்டாவைப் பொறுத்தவரை மூன்றில் இதுவே முதலிடம். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் இணைந்திருக்க வேண்டும். அல்லது பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றில் செய்திகளை வாங்கிவைக்கும் பிரையர் மெயில்பாக்ஸ் செயலியை நிறுவி, சார்ஜரில் போட்டு வைக்க வேண்டும். ஐஃபோனில் கிடைக்காது. பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

குடும்பம், நண்பர்களுக்கு சிக்னலே போதும். நிர்வாகத்துக்கு ஆள் இருக்கும் அமைப்புகளுக்கு மேட்ரிக்ஸ். இணையம் துண்டிக்கப்படும் என்ற அச்சம் இருந்தால் பிரையரை முன்கூட்டியே நிறுவி, தொடர்புகளை நேரில் கியூஆர் கோடு வழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியில்லை. கணக்கும் தொடர்புகளும் சேர்ந்தே போய்விடும்.