ரீஃபண்டு நின்றுவிட்டால் இ-ஃபைலிங் போர்ட்டல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

வருமான வரி ரிட்டர்ன் போட்டு, சில நாட்களில் ரீஃபண்டும் வங்கிக்கு வந்துவிட்டால், இதைவிட நல்ல அரசு இணையதளம் உண்டா என்றுதான் தோன்றும். பணம் நடுவில் எங்காவது நின்றால்தான் குறை தெரியும். எங்கே நிற்கிறது என்ற ஒரே கேள்விக்கான பதிலை நான்கு மெனுக்களில் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள்.

முதலில் 'வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்' பக்கம். அங்கே 'அண்டர் பிராசஸிங்' என்று இருந்தால், ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் பெங்களூரு மையமான சிபிசி இன்னும் 143(1) பிரிவின்படியான கணக்கை முடிக்கவில்லை என்று பொருள். ஏன் முடிக்கவில்லை என்பதை அந்தப் பக்கம் சொல்லாது. போர்ட்டலின் ஆகப் பெரிய குறையே இதுதான். ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து 9 மாதம் வரை சிபிசிக்குச் சட்டப்படி அவகாசம் உண்டு. 2025 செப்டம்பரில் போட்டவருக்கு அது 2026 டிசம்பர் 31 வரை நீளும். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதிசெய்தல்) செய்திருக்கிறோமா என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அது முடியாமல் எதுவும் நகராது.

அடுத்து 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்'. எஸ்எம்எஸ் வரவில்லை, அதனால் நோட்டீஸும் இல்லை என்று இருந்துவிடக் கூடாது. 'இ-ப்ரொசீடிங்ஸ்' உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். குறைபாடுள்ள ரிட்டர்ன் என்ற 139(9) நோட்டீஸுக்கு 15 நாள், கணக்கைத் திருத்தப் போகிறோம் என்ற 143(1)(a) நோட்டீஸுக்கு 30 நாள். பதில் போடாவிட்டால் முன்னது ரிட்டர்னையே செல்லாததாக்கிவிடும். பின்னதில் அவர்கள் கணக்கே நிலைக்கும்.

அதே மெனுவில் 'அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்று ஒன்று இருக்கிறது. எப்போதோ ஒரு வருடத்தின் பாக்கி அங்கே தூங்கிக்கொண்டிருந்தால், 245-ம் பிரிவில் இந்த வருட ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்வார்கள். கட்டிய பாக்கியாக இருந்தால் 'டிஸ்அக்ரீ' தேர்ந்தெடுத்து, செலானில் (வரி கட்டிய ரசீதில்) உள்ள பிஎஸ்ஆர் கோடு என்ற வங்கிக் கிளை எண், தேதி, வரிசை எண், தொகை நான்கையும் கொடுக்க வேண்டும். "ஏற்கனவே கட்டிவிட்டேன்" என்று ஒரு வரி எழுதினால் வேலைக்கு ஆகாது.

2025 டிசம்பரில் பலருக்கு வந்த செய்தி வேறு வகை: ரீஃபண்டு கோரிக்கையில் முரண்பாடு இருப்பதால் ரிஸ்க் மேனேஜ்மெண்ட் என்ற பரிசோதனையில் நிறுத்தியிருக்கிறோம் என்பது. அரசியல் கட்சி நன்கொடை, ஃபார்ம் 16-ல் (சம்பளம் தரும் நிறுவனம் கொடுக்கும் வரிச் சான்று) இல்லாமல் ரிட்டர்னில் மட்டும் ஏறிய கழிவுகள், இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. கையில் ரசீதும் வங்கிப் பரிமாற்றமும் இருந்தால் பயந்துபோய் ரிட்டர்னைத் திருத்த வேண்டியதில்லை. ஆதாரம் இல்லாத கழிவு என்றால் ரிவைஸ்டு (திருத்திய) ரிட்டர்ன் போடுவதே புத்திசாலித்தனம். 2025-26 கணக்கீட்டு ஆண்டுக்கு (அசெஸ்மென்ட் இயர்) அதன் கெடு 2025 டிசம்பர் 31-ஆக இருந்தது. கெடுவைத் தாண்டினால் ஐடிஆர்-யூ என்ற 'அப்டேட்டட் ரிட்டர்ன்' மட்டும்தான். அதில் புதிதாக ரீஃபண்டு கேட்க வழியில்லை, முதல் 12 மாதத்துக்குள்ளேயே 25% கூடுதல் வரி.

டிடிஎஸ் (நமக்குப் பணம் தரும்போதே பிடிக்கும் வரி) தொகை, நம் பெயரில் கட்டிய வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் ஏறவில்லை என்றால் துறைக்கு எழுதிப் பயனில்லை. பிடித்தம் செய்த நிறுவனம் தன் டிடிஎஸ் ஸ்டேட்மென்டைத் திருத்திப் போட வேண்டும். அது 26ஏஎஸ்-ல் வந்த பிறகு, 143(1) முடிந்த ரிட்டர்னாக இருந்தால், 'ரெக்டிஃபிகேஷன்' பகுதியில் 'ரீபிராசஸ்' கொடுத்தால் போதும்.

'ரீஃபண்டு ஃபெயில்டு' என்று வந்தால் பிரச்சினை வங்கிக் கணக்கில். நம்மூர் இனிஷியல் வழக்கம் இங்கே படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. பாஸ்புக்கில் 'எம். கார்த்திக்', பான் அட்டையில் 'கார்த்திக் முருகேசன்' என்றால் பெயர் பொருந்தவில்லை என்று வேலிடேஷன் (கணக்குச் சரிபார்ப்பு) திரும்பிவிடும். வங்கிக்குப் போய் பான் அட்டையில் உள்ளபடி பெயரை மாற்றி, பானையும் இணைத்துவிட்டு வருவதுதான் நிரந்தரத் தீர்வு. இணைந்துபோன வங்கிகளின் பழைய ஐஎஃப்எஸ்சி கோடு இன்னொரு தொல்லை. 2020-ல் டிபிஎஸ்ஸில் கலந்த லட்சுமி விலாஸ் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் பார்த்துக்கொள்ளவும். கணக்கு 'வேலிடேட்டட்' ஆனதும் ரீஃபண்டுக்கான பட்டனை ஆன் செய்து, 'சர்வீசஸ்' மெனுவில் 'ரீஃபண்டு ரீஇஷ்யூ' கொடுக்க வேண்டும். கணக்கைச் சரிசெய்தாலே பணம் தானாக வந்துவிடும் என்று இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

பான் ஆதாருடன் இணையாமல் செயலிழந்திருந்தால் ரீஃபண்டு வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 1,000 ரூபாய் கட்டி இணைக்க வேண்டும்.

வட்டி விஷயத்தில் போர்ட்டலுக்கு முழு மார்க் போடலாம். கேட்காமலே மாதம் 0.5% கணக்கிட்டுச் சேர்த்துவிடுகிறது. கெடுவுக்குள் போட்ட ரிட்டர்னுக்கு, டிடிஎஸ் வழியாக வந்த ரீஃபண்டு என்றால் ஏப்ரல் 1-லிருந்தே கணக்கு. ரீஃபண்டு மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் வட்டி இல்லை. வந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டும். மறந்தால் அடுத்த நோட்டீஸுக்கு அதுவே காரணமாகும்.

1800 103 0025 என்ற உதவி எண்ணிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 'கிரீவன்ஸ்' பகுதி தேவலாம், ஆனால் சரியான கதவைத் தட்ட வேண்டும். பிராசஸிங் தாமதம் என்றால் 'சிபிசி-ஐடிஆர்'. 143(2) ஸ்க்ரூட்டினிக்கு (விரிவான ஆய்வுக்கு) போன ரிட்டர்ன் என்றால் அதைக் கவனிக்கும் வரி அதிகாரியான அசெஸ்ஸிங் ஆஃபீசர்தான். கமிஷனர் ஒப்புதலோடு அவர் ரீஃபண்டை நிறுத்திவைக்க 245(2) இடம் தருகிறது, அங்கே சிபிசியால் ஒன்றும் செய்ய முடியாது. புகாரில் அக்னாலெட்ஜ்மென்ட் எண்ணும் கணக்கீட்டு ஆண்டும் கட்டாயம் இருக்கட்டும்.

ரீஃபண்டு பெயரில் லிங்க்கோடு வரும் எஸ்எம்எஸ்ஸைத் தொடாதீர்கள். துறையின் நோட்டீஸில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். போர்ட்டலின் முகப்பில் லாகின் இல்லாமலே அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.