ஃப்ரீமாண்ட் பக்கம் கராஜ் கதவு ரிப்பேருக்கு ஆள் தேடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

கலிபோர்னியாவில், குறிப்பாக ஃப்ரீமாண்ட், நியூவார்க், யூனியன் சிட்டி பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். '29 டாலர் சர்வீஸ் கால்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டோம். 1,380 டாலர் வாங்கிக்கொண்டு, கதவை முன்பைவிட ஆபத்தான நிலையில் விட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீடு 1960களில் கட்டியது. கதவு மட்டும் முந்தைய உரிமையாளர் மாற்றியது. இரண்டு கார் அகலம். காலையில் கராஜில் வெடி வெடித்த மாதிரி சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கதவுக்கு மேலே இருக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று அறுந்து கிடக்கிறது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 முறை ஏறி இறங்கும் கணக்கில்தான் வரும். தினமும் நாலு தடவை திறந்தால் ஏழு வருஷத்துக்குள் முடிந்துவிடும்.

போனை எடுத்தவர் கம்பெனி பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஸ்பிரிங் என்ன விலை என்று கேட்டால், டெக்னீஷியன் நேரில் பார்த்துச் சொல்வார் என்பதற்கு மேல் பேச்சில்லை. வந்தவரின் வேனிலும் பெயர் கிடையாது.

கதவை ஒரு பார்வை பார்த்தார். "வீடு ரொம்பப் பழசு. இந்த மாடலுக்கு இப்போது பார்ட்ஸ் வருவதில்லை. ரோலர், கீல், கேபிள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால்தான் நிற்கும்" என்றார். பிறகு மோட்டாரைக் காட்டி, பேட்டரி இல்லாத ஓப்பனர் கலிபோர்னியாவில் சட்டவிரோதம், 1,000 டாலர் அபராதம் என்றார்.

இந்தச் சட்ட விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் சொன்னது பாதி உண்மை. 2017 காட்டுத்தீயின்போது மின்சாரம் போய், கராஜைத் திறக்க முடியாமல் சிலர் உயிரிழந்தார்கள். அதனால் 2019 ஜூலை 1 முதல் புதிதாக விற்கும், பொருத்தும் ஓப்பனர்களில் பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கதவையே புதிதாக மாற்றினாலும் பேட்டரி இல்லாத பழைய ஓப்பனரில் இணைக்கக் கூடாது. அபராதம் விதியை மீறி விற்பவருக்கும் பொருத்துபவருக்கும்தான். ஏற்கெனவே இருக்கும் மோட்டாரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் மாற்றும் வீட்டுக்காரருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நல்லவேளை, மோட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அப்புறம் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவைப் பார்த்து, "இது வயதானவர்கள் மேல் விழுந்தால் என்ன ஆகும்?" என்றார். அதற்கு மேல் பேரம் பேச யாருக்கு மனசு வரும்? முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நான் மீட்டிங்கில் இருந்தபோது அம்மாதான் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் போனதும், "ஏம்ப்பா, பழைய சக்கரத்தை எல்லாம் துடைச்சு எண்ணெய் போட்ட மாதிரிதான் இருந்துச்சு. கழட்டி எதையும் கீழ வெக்கலையே" என்றார்.

அம்மா சொன்னது சரி. கதவு முனகிக்கொண்டே ஏறியதால் வேறு ஒருவரை வரவழைத்தோம். மாற்றியிருந்தது ஒரே ஒரு ஸ்பிரிங், அதுவும் எங்கள் கதவின் எடைக்குப் போதாத அளவு. அவர் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவித்து, கதவைப் பாதி உயரத்தில் விட்டுக் காட்டினார். சரியான ஸ்பிரிங் என்றால் கதவு அங்கேயே நிற்க வேண்டும். எங்களுடையது சரசரவென்று இறங்கியது. ஸ்பிரிங் தாங்க வேண்டிய எடையை மோட்டார் இழுப்பதற்காக, முதல் ஆள் அதன் விசையைக் கூட்டி வைத்திருந்தார். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான். அடியில் எதுவும் சிக்கினால் கதவு திரும்புகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்க வைத்து மூடினால், கட்டையில் பட்டதும் கதவு திரும்பி மேலே ஏற வேண்டும். எங்கள் கதவு ஏறவில்லை, அழுத்திக்கொண்டே நின்றது.

பக்கத்துத் தெரு நண்பர் வீட்டில் 1950களின் ஒற்றைப் பலகை மரக்கதவு. அவரிடமும் வேறொரு ஆள் 'பார்ட்ஸ் கிடையாது' பாட்டைப் பாடிப் புதுக் கதவுக்கு விலை சொல்லியிருக்கிறார். அந்த வகைக் கதவுக்கு இன்றும் ஸ்பிரிங் விற்கிறார்கள். புது வீடு என்றால் 'பில்டர் மலிவாகப் போட்டது' என்று பாட்டு மாறும்.

கலிபோர்னியாவில் 1,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு மாநில லைசென்ஸ் கட்டாயம் (2024 வரை இந்த வரம்பு 500 டாலர்). கதவு வேலைக்கான பிரிவு சி-61, டி-28. லைசென்ஸ் எண்ணை விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் போட்டிருக்க வேண்டும். லைசென்ஸ் கொடுக்கும் மாநில வாரியமான சி.எஸ்.எல்.பி.யின் (CSLB) இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் உண்மையா என்று உடனே தெரியும். வீட்டு வேலை ஒப்பந்தத்துக்கு முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. எங்களுக்குக் கிடைத்த, கையால் எழுதிய பில்லில் எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை.

ஸெல்லில் போன பணம் திரும்பவில்லை. நாங்களே அனுப்பியது என்று வங்கி கையை விரித்துவிட்டது. சி.எஸ்.எல்.பி.யில் புகார் கொடுத்திருக்கிறோம். லைசென்ஸ் இல்லாதவர்கள் மீதும் அவர்கள் புகார் வாங்குகிறார்கள். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வேனின் நம்பர் பிளேட் படம் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். எங்களிடம் நம்பர் பிளேட் படம் மட்டும் இல்லை.