போர் தண்ணீரில் எது வெளுக்கிறது, எது மணக்கிறது

ஒரு சோப்புத்தூளைப் பற்றி யாராவது "சூப்பரா இருக்கு, வாங்குங்க" என்று சொன்னால், உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்றுதான் நான் முதலில் கேட்பேன். எங்கள் வீடு சென்னையில் மேடவாக்கம் பக்கம். துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். கோடையில் போர் இறங்கிவிட்டால் லாரித் தண்ணீர். குழாய் முனையில் வெள்ளையாகப் படிவு கட்டும், ஹீட்டருக்குள் சுண்ணாம்பு பிடிக்கும். இந்தத் தண்ணீரில் பல வருடமாகச் சாதாரணப் பவுடர், மெஷின் பவுடர், லிக்விட், பார் சோப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வீட்டில் வெள்ளை வேட்டி கட்டும் மாமனார், வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம் போடும் பையன், பைக்கில் ஆபீஸ் போய் வரும் கணவர், என்னுடைய காட்டன் சேலைகள், சுடிதார்கள் என்று எல்லா வகைத் துணியும், எல்லா வகை அழுக்கும் உண்டு.

தண்ணீரை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், கோவையில் இருக்கும் அக்கா வீட்டில் சிறுவாணித் தண்ணீர். அங்கே தங்கியிருந்தபோது, இங்கே போடும் அளவுக்கே பவுடரை அள்ளினேன். "பாதி போதும்டி, அப்புறம் அலசி மாளாது" என்றாள். பவுடர் அதே கம்பெனி, அதே பாக்கெட். அங்கே பாதி அளவிலேயே நுரை பக்கெட்டை மூடிக்கொண்டு நின்றது. இங்கே முழு அளவு போட்டாலும் கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கி, தண்ணீர் மங்கலாகிவிடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் காரணம். இதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை விடலாம் என்கிறது. சோப்புத்தூளில் சலவைச் சோடாவையும் ஜியோலைட்டையும் சேர்ப்பதே இந்தக் கால்சியத்தைப் பிடித்து வைக்கத்தான். தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால், போட்ட பவுடரில் ஒரு பங்கு தண்ணீரோடு மல்லுக்கட்டவே செலவாகிவிடும், மீதிதான் அழுக்குக்கு. அதனால் சிறுவாணி வீட்டில் நன்றாக வெளுத்த பவுடர் மேடவாக்கத்தில் அதே போல வெளுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது.

சரி, அழுக்குக்கு வருவோம்.

இந்தியாவில் சர்ஃப் 1959-இல் வந்தது. ஆனால் 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தயாரித்து, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்க ஆரம்பித்த பிறகுதான் பவுடர் என்பது சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டியது. என் அம்மா தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர்கள் பேசும்போது கேட்டிருக்கிறேன். இன்றைக்கு மலிவு என்றால் எங்கள் தெருவுக்கு வண்டியில் வரும் லூஸ் பவுடர். நுரை பிரமாதமாக வரும். சோடா தூக்கலாக இருப்பதால் மண்ணும் தூசியும் நன்றாகவே போகும். கால்மிதி, பைக் துடைக்கும் பழைய பனியன், சமையல்கட்டு மேடைத் துணி இவற்றுக்கு அது போதும். உடுத்தும் துணிக்கு நான் போடுவதில்லை. கையால் துவைத்தால் விரல் இடுக்கு எரிகிறது, காட்டன் சேலையில் சாயம் சீக்கிரம் வெளிறுகிறது.

அடுத்த படி, என்சைம், அதாவது கறையை உடைக்கும் நொதி, உள்ள பவுடர்கள். சர்ஃப் எக்செல், ஏரியல் இரண்டின் மேட்டிக் (மெஷினுக்கான) பவுடர்களும் இந்த வகை. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால் என்சைம் என்று போட்டிருப்பார்கள். புரோட்டீஸ் என்பது ரத்தம், பால், முட்டை, வியர்வைக் கறையைச் சிதைக்கும். அமைலேஸ் கஞ்சி, குழம்பு போன்ற மாவுக் கறைக்கு. லிபேஸ் எண்ணெய்க்கு. இவற்றுக்கு வேண்டியது நேரமும் கொஞ்சம் வெதுவெதுப்பும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் என்சைம் செயலிழந்துவிடும். ஏப்ரல், மே மத்தியானத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீரின் சூடு இதற்குத் தோதாக இருக்கிறது, தனியாகச் சுட வைக்க வேண்டியதில்லை. டிசம்பரில் அதே பவுடர் கொஞ்சம் மந்தமாக இருக்கும்; அப்போது கூடுதல் நேரம் ஊறவைக்கிறேன். மெஷினில் போட்டு உடனே சுற்றவிட்டால் என்சைமுக்குக் கொடுத்த காசில் பாதி வீண். அரை மணி நேரமாவது ஊறிய பிறகு சுற்றினால் பையனின் சட்டையில் தெரியும் வித்தியாசம் கண்கூடு.

காலர் மட்டும் தனிக் கதை. மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் கழுத்து படும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். உடம்பு எண்ணெயும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து நூலுக்குள் இறங்கிய கோடு அது. எந்தப் பவுடரும் தானாக அதை முழுசாக எடுத்ததில்லை. துணியை நனைத்து, அந்தக் கோட்டின் மேல் மட்டும் பார் சோப்பைத் தேய்த்து, பிரஷ்ஷால் லேசாக இழுத்து, அப்படியே வைத்துவிட்டுப் பிறகு மற்ற துணியோடு போட வேண்டும். பொன்வண்டு, ரின் இரண்டுமே எங்கள் வீட்டில் மாறி மாறி இருக்கும். இந்த வேலைக்கு இரண்டும் நம்பிக்கையானவை. பார் சோப்பு பழைய காலத்துப் பொருள் என்று ஒதுக்காதீர்கள். அழுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் பலமாக இறங்க அதை விட்டால் வேறு வழியில்லை.

மஞ்சள் கறையைப் பற்றி எழுதாவிட்டால் தமிழ்நாட்டு வீட்டுத் துவையலைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்பு பட்டதும் அந்த மஞ்சள் சட்டென்று செங்காவியாக மாறும். கறை கூடிவிட்டதோ என்று பயந்து பிளீச்சை ஊற்றுபவர்கள் நிறைய. பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பில் உள்ள காரம் (அல்கலி) பட்டால் சிவக்கும். அலசிக் காரம் போனதும் திரும்ப மஞ்சளாகும். பவுடரில் காரம் அதிகம் என்பதால் நன்றாகச் சிவக்கும், லிக்விடில் அவ்வளவு சிவக்காது. எண்ணெயும் பருப்பும் என்சைம் பவுடரில் போய்விடும், ஆனால் மங்கலான மஞ்சள் நிழல் நிற்கும். அதற்கு வெயில்தான் மருந்து. கறை மேலே தெரியும்படி ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்தால் சாயங்காலத்துக்குள் வெளிறிவிடும், பிடிவாதமான கறை என்றால் மறுநாளும் போட வேண்டும். வெள்ளாவி வைத்த காலத்தில் உவர்மண்ணில் ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, ஆற்றங்கரையில் வெயிலில் விரித்தார்கள். உவர்மண்ணில் இருப்பதும் சோடாதான். காரம், சூடு, வெயில் மூன்றையும் சரியாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

லிக்விட் வாங்க ஆரம்பித்தது கறுப்பு, கருநீலத் துணிகளுக்காக. எங்கள் தண்ணீரில் பவுடர் போட்டால் கறுப்பு சுடிதாரின் தையல் ஓரங்களில் வெள்ளைத் திட்டு நிற்கும். லிக்விடில் அது இல்லை. சாயமும் அதிக நாள் நிற்கிறது. ஆனால் வேட்டிக்கும் யூனிஃபார்முக்கும் லிக்விட் மட்டும் போட்டுவந்தால் மெல்லப் பழுப்பு ஏறுகிறது. நல்ல மேட்டிக் பவுடர்களில் ஆக்சிஜன் வெளியிடும் பிளீச் சேர்க்க முடியும். லிக்விடில் அது தங்காது, அதனால் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. வெள்ளைக்குப் பவுடர், கலருக்கு லிக்விட் என்று நான் பிரித்துக்கொண்டது அப்படித்தான்.

வெண்மை பற்றி ஒரு விஷயம். மருந்துக்கடை கவுண்டரில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் பக்கத்தில் உங்கள் வெள்ளைச் சட்டைக் கையை நீட்டிப் பாருங்கள். பளீரென்று நீலமாக ஒளிரும். சோப்புத்தூளில் கலந்திருக்கும் ஒளிர்வுப் பொருள் துணியில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுவதால் வருவது அது. மஞ்சள் சாயல் மறைந்து துணி வெளேரென்று தெரியும். 1983-இல் கேரளாவில் தொடங்கிய ஜோதி லேபரட்டரீஸின் உஜாலா சொட்டு நீலம் செய்வதும் பார்வைக்கு இதே உதவிதான், வழி வேறு. மாமனார் வேட்டிக்கு இன்றும் கடைசி அலசலில் சில சொட்டு உஜாலா உண்டு, அவருக்கு அந்த வெள்ளைதான் வெள்ளை. ஆனால் பவுடர் அழுக்கை எடுத்ததா என்று பார்க்க நான் வேட்டியைப் பார்ப்பதில்லை. காலர் மடிப்பையும் தலையணை உறையையும்தான் பார்ப்பேன்.

நுரையையும் சுத்தத்தின் அளவாக எடுக்காதீர்கள். மெஷின் பவுடரில் வேண்டுமென்றே நுரையை அடக்கி வைப்பார்கள். 2019 கடைசியில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெள்ளை நுரை குவிந்து ஒதுங்கி, பிள்ளைகள் அதில் விளையாடிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்புக் கழிவும்தான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பவுடரைக் கையால் அள்ளிப் போடுவதை நிறுத்திவிட்டு, ஸ்பூன் கணக்கில்தான் போடுகிறோம்.

இனி வாசனை. கடையில் பாக்கெட்டை அமுக்கி முகர்ந்து பார்த்து வாங்குவதில் பயனே இல்லை. துணியின் மணத்தை முகர வேண்டிய இடங்கள் வேறு. கொடியில் காய்ந்த பிறகு, பீரோவில் சில நாள் மடித்து வைத்த பிறகு, அப்புறம் அதை உடுத்தி மத்தியானம் வியர்த்த பிறகு. இந்த மூன்றிலும் ஒரே பவுடர் மூன்று விதமாக இருக்கும். எலுமிச்சை மணம் பக்கெட்டில் தூக்கலாக இருக்கும், சீக்கிரம் ஆவியாகும் மணம் என்பதால் சென்னை வெயிலில் கொடியிலேயே பறந்துவிடும். பூ மணங்கள் கொஞ்சம் தங்கும். டைட் ஜாஸ்மின் அண்ட் ரோஸ் எனக்குப் பிடித்தது. தலையில் வைக்கும் மல்லியின் ஈரமான மணம் இதில் இல்லை, ஆனால் மடித்த துணியை எடுக்கும்போது இதமாக இருக்கிறது. கஸ்தூரி சாயலுள்ள கனமான மணங்கள்தான் பீரோவில் அதிக நாள் நிற்பவை. அவை போர்வைக்கு நன்றாக இருக்கின்றன, பேருந்து நெரிசலில் வியர்வையோடு கலந்தால் தலைவலி தருகின்றன.

துணிக்குப் போடும் கண்டிஷனரின் மணம் எல்லாவற்றையும் விட நிற்கும். அது நூலின் மேல் மெல்லிய பூச்சாகப் படிவதால் சேலை வழவழவென்று விழும். அந்தப் பூச்சினாலேயே டவல் தண்ணீர் உறிஞ்சாமல் போகும். குளித்துவிட்டுத் துடைத்தால் ஈரம் உடம்பிலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். டவல், பனியன், பையனின் விளையாட்டு டீஷர்ட் இவற்றுக்குக் கண்டிஷனரை முழுக்க நிறுத்திவிட்டேன். பாலியஸ்டர் துணி உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரகம். அந்த எண்ணெய் போகாத வரை, துவைத்து மணக்க மணக்க எடுத்து வைத்தாலும் உடுத்திய கொஞ்ச நேரத்தில் பழைய வியர்வை வாடை கிளம்பும். வாசனையால் அதை மூடவே முடியாது. என்சைம் பவுடரில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு ஊறவைத்தால் போகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் முடை நாற்றமும் இதே வகைதான். துணி நீண்ட நேரம் ஈரமாக இருந்தால், மிச்சமிருக்கும் அழுக்கைத் தின்று பாக்டீரியா பெருகும். அந்த வாடைதான் அது. அந்த மாதங்களில் நான் வாசனை கூடின பவுடருக்கு மாறுவதில்லை. துணியைக் குறைத்துப் போட்டு, கூடுதலாக ஒரு தடவை அலசி, மெஷினில் இரண்டாம் முறை பிழியவிட்டு, அறையில் இடைவெளி விட்டுக் கொடி கட்டி ஃபேனை ஓடவிடுகிறேன். மெஷின் கதவைத் துவைத்த பிறகு திறந்தே வைக்க வேண்டும், ரப்பர் மடிப்பைத் துடைக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பவை ஒரு என்சைம் மேட்டிக் பவுடர், கலருக்கு ஒரு லிக்விட், இரண்டு பார் சோப்பு, உஜாலா. கண்டிஷனர் சேலைக்கு மட்டும், அதுவும் மூடியில் பாதி. கைக்குழந்தை வரும் வீடு என்றால் மணம் சேர்க்காத லிக்விடைத் தேடி வாங்கிக் குழந்தைத் துணிக்குத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

பட்டுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். பட்டு புரோட்டீன் நூல். கறையைத் தின்னும் புரோட்டீஸ் அதையும் விட்டுவைக்காது. கடைக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே அலசக்கூடிய பட்டு என்றால், பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி இரவே ஊறப்போட்டு, காலையில் கசக்கி வடிகட்டி, அந்தத் தண்ணீரில் முறுக்காமல் முக்கி எடுக்கிறேன். முந்தானை வேறு நிறம் என்றால் அதைத் தனியாக. நுரை குறைவு, லேசான புளிப்பு வாடை இருக்கும், நிழலில் காய்ந்ததும் அதுவும் போய்விடும்.