பதின்ம வயதினரின் கோடை வாசிப்பு: பதிவுத் தாளா, ஆப்பா, பிங்கோ அட்டையா?

பொது நூலகத்தில் 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குக் கோடை வாசிப்புத் திட்டம் போடும்போது, பேச்செல்லாம் பரிசைப் பற்றியும் தொடக்க விழாவைப் பற்றியும்தான் நடக்கிறது. படித்ததை எதில் குறிப்பது என்ற கேள்வி கடைசி வாரத்தில்தான் வருகிறது. போன வருடத் தாளையே நகலெடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் திட்டம் நடக்கும் ஆறு வாரமும் பிள்ளையின் பையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான். புழக்கத்தில் உள்ள மூன்று முறைகளை இங்கே எடை போடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரும்பாலான நூலகங்களுக்கு, கட்டம் கட்டமாக வேலைகளை எழுதி வரிசையாக முடிக்கச் சொல்லும் பிங்கோ அட்டைதான் சரி. ஆப், அட்டைக்குத் துணையாக இருந்தால் நல்லது. பெற்றோர் கையெழுத்துக் கேட்கும் பதிவுத் தாளை இந்த வயதுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பதிவுத் தாள்

தேதி, தலைப்பு, ஆசிரியர், பக்கம், கையெழுத்து என்று கோடு போட்ட தாள். எட்டு வயதுக் குழந்தை அதைப் பெருமையாக நிரப்பும். பதினைந்து வயதில் அது விடுமுறையில் வந்து சேர்ந்த வீட்டுப்பாடம். கையெழுத்துக் கட்டம் ஒன்றே போதும், ‘நீ சொல்வதை நாங்கள் நம்பவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு.

எதை எண்ணுவது என்பதிலும் தாள் தடுமாறுகிறது. புத்தக எண்ணிக்கையைக் கணக்கிட்டால், 600 பக்க நாவலைக் கையில் எடுத்தவருக்கு ஒன்று, மெல்லிய புத்தகங்களாகப் பொறுக்கியவருக்கு ஐந்து. பக்கத்தைக் கணக்கிட்டால், ஒரே மூச்சில் முடிகிற 200 பக்க மங்காவும் (ஜப்பானியப் படக்கதை) ஒரு வாரம் இழுக்கும் 200 பக்க அறிவியல் நூலும் சமமாகிவிடும். ஒலிப்புத்தகத்துக்குப் பக்கமே கிடையாது. நிமிடக் கணக்கு ஒன்றுதான் எல்லா வகை வாசிப்பையும் ஒரே தராசில் வைக்கும். தாளைத் தவிர்க்க முடியாத நூலகம் இப்படிச் செய்யலாம்: ஒரு பக்கத்தில் 20 வட்டங்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், படித்ததும் வண்ணம் தீட்டினால் போதும். மொத்தம் 10 மணி நேரம். ஆறு வாரத்தில் வாரத்துக்கு 100 நிமிடம். தலைப்பு எழுத வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

அப்படியானால் பொய்யாக வண்ணம் தீட்ட மாட்டார்களா என்று கேட்பார்கள். சிலர் தீட்டுவார்கள். அந்தச் சிலரைப் பிடிப்பதற்காக மற்ற எல்லாரையும் விசாரிக்கும் திட்டத்தில், உண்மையாகப் படிக்கிறவர்தான் முதலில் விலகுவார்.

ஆப்

பீன்ஸ்டாக், ரீட்ஸ்கொயர்டு போன்றவை நூலகங்கள் சந்தா கட்டி வாங்கும் சேவைகள். வாசகர் பணம் கட்டுவதில்லை. பீன்ஸ்டாக்கில் புத்தகத்தின் பார்கோடை ஸ்கேன் செய்தால் தலைப்பு தானாக ஏறிக்கொள்ளும். படிக்கும் நேரத்தை ஓடவிட்டு அளக்கலாம், பேட்ஜ் கிடைக்கும், எத்தனை நாள் விடாமல் படித்தோம் என்று பார்க்கலாம், பரிசுக் குலுக்கலுக்கான சீட்டும் அதிலேயே சேரும். நூலகர் பக்கத்தில் பெரிய நன்மை, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற அறிக்கை உட்கார்ந்த இடத்திலேயே கிடைப்பது. அட்டைகளை மேசையில் கொட்டி எண்ணியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆப் முறை சறுக்குவது பெரும்பாலும் நுழைவாயிலில். மின்னஞ்சல், கடவுச்சொல், நூலக அட்டை எண், பள்ளி, வகுப்பு என்று கேட்கக் கேட்கப் பாதிப் படிவத்திலேயே கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். படிவத்தில் எந்தக் கேள்வியைக் கட்டாயம் ஆக்குவது என்பதை நூலகமே தீர்மானிக்க முடிகிற இடத்தில், பெயர், வயது, தொடர்புக்கு ஒரு வழி, இவை மூன்றோடு நிறுத்துங்கள். 12 வயதுக்காரர்களைச் சேர்க்கும் முன் சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு காப்பா சட்டம், இணைய நிறுவனங்கள் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்தைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சில நாடுகளில் அந்த வரம்பு 16, 18 என்றும் உண்டு.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கணக்கின் கீழ் தொடங்கினால், அவர் பதிந்த ஒவ்வொரு தலைப்பும் வீட்டில் தெரியும். உடல், மனம், காதல் பற்றிய கேள்விகளுக்குப் புத்தகத்தில் விடை தேடுகிற வயது இது. தலைப்பைப் பதியாமல் நிமிடத்தை மட்டும் பதியும் வழியைத் திறந்துவைத்து, அப்படி ஒரு வழி இருப்பதைக் கவுன்டரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

விடாமல் படித்த நாள் கணக்கைப் பரிசோடு கட்டாதீர்கள். 19 நாள் படித்துவிட்டு ஊருக்குப் போய் ஒரு நாள் தவறியவருக்கு எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். அவர் 21ஆம் நாள் ஆப்பைத் திறக்க மாட்டார். பழைய தேதிக்குப் பதியவும் இடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஏற்கும் நிமிடத்துக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒரு நாளைக்கு 1,440 நிமிடம் பதிந்து, அதிகம் படித்தவர்களின் முன்னணிப் பட்டியலைக் கேலிக்கூத்தாக்கிவிடுவார்கள். பட்டியலே இல்லாதிருந்தால் இன்னும் நல்லது: மெதுவாகப் படிக்கிறவருக்கு அது தன் பெயரை அடியில் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

பிங்கோ அட்டை

ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 கட்டம், நடுக்கட்டம் இலவசம். மீதி 24இல் 12 வாசிப்பு, 6 நூலகப் பயன்பாடு, 6 செய்து பார்க்கிற வேலை என்ற கலவை நன்றாக ஓடும். வரிசையாகவோ மேலிருந்து கீழாகவோ மூலைவிட்டமாகவோ ஐந்து கட்டம் முடிந்தால் ஒரு கோடு. ஓர் அட்டையில் 12 கோடுகள் உண்டு. கோட்டுக்கு ஒரு குலுக்கல் சீட்டு. அட்டை முழுவதும் முடித்தால் கூடுதலாக மூன்று.

இதன் பலம், எங்கிருந்தும் தொடங்கலாம், எப்போதும் சேரலாம் என்பது. நான்காவது வாரம் வந்து சேர்ந்தவரும் இரண்டு கோடு போட்டுவிட்டுப் பரிசுப் பெட்டியில் சீட்டுப் போடலாம். 10 மணி நேரக் கணக்கில் அவருக்கு அந்த வாய்ப்பு அரிது.

அட்டை வடிவமைப்பில் பலரும் தவறுவது, கடினமான கட்டங்களை எங்கே வைப்பது என்பதில். மூலைக் கட்டம் மூன்று கோடுகளில் வரும். நடுக்கட்டத்தைத் தவிர, மூலைவிட்டத்தில் உள்ள மற்றவையும் அப்படியே. மூலைவிட்டத்தைத் தொடாத 16 கட்டங்கள் இரண்டு கோடுகளில் மட்டும் வரும். ‘300 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம்’, ‘நீங்கள் பிறப்பதற்கு முன் வெளிவந்தது’ போன்றவற்றை மூலையில் வைத்தால் மூன்று கோடுகள் ஒரே அடியில் அடைபடும். ஐந்து கடினக் கட்டங்களை இப்படி வையுங்கள்: முதல் வரிசையில் 2ஆம் கட்டம், இரண்டாவதில் 1, மூன்றாவதில் 4, நான்காவதில் 5, ஐந்தாவதில் 3. இப்போது எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் ஒன்றே ஒன்றுதான் கடினம். இரண்டு மூலைவிட்டங்களிலும் எதுவும் இல்லை. மூலைவிட்டம் நடுக்கட்டத்தின் வழியாகப் போவதால் நான்கே எளிய வேலையில் முதல் கோடு விழுந்துவிடும். வாசிப்பில் தயங்குகிறவருக்கு அந்த முதல் சீட்டுதான் எல்லாம்.

அச்சுக்கு அனுப்பும் முன் அலமாரியை எண்ணுங்கள். ‘கவிதை நடையில் எழுதிய நாவல்’ என்று கட்டம் போட்டுவிட்டு நூலகத்தில் நான்கே பிரதிகள் இருந்தால், இரண்டாம் வாரமே எல்லாம் இரவலில் போய்விடும். அந்தக் கோடுகள் எல்லார் அட்டையிலும் செத்துப்போகும். நிகழ்ச்சிக்கு நேரில் வரச் சொல்லும் கட்டம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மாற்று வேலையும் அதிலேயே எழுதியிருக்கட்டும். ‘விமர்சனம் எழுதுக’ என்றால் பள்ளி வாடை அடிக்கும். ‘ஒருவரிடம் ஒரு புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள்’ என்றால் அதே வேலை நடந்துவிடும். தாளில் சுற்றி முகம் மறைத்த புத்தகத்தை எடுத்துப் படிக்கும் கட்டம் எங்கும் விரும்பப்படுகிறது. சுற்றும்போது பார்கோடின் நகலை வெளியே ஒட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இரவல் கொடுக்கக் கவுன்டரில் பிரித்தாக வேண்டும்.

அளவு ஏ5 (ஏ4 தாளில் பாதி), 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டை, பளபளப்புப் பூச்சு இல்லாதது. பூச்சு இருந்தால் பேனா மை பிடிக்காது. பின்பக்கம் 12 சிறு வட்டங்கள் அச்சிட்டு, கோட்டுக்குச் சீட்டுக் கொடுக்கும்போதெல்லாம் ஒன்றைத் துளையிடுங்கள். இது இல்லாத இடங்களில் ஒரே கோட்டுக்கு வேறு வேறு ஊழியரிடம் இரண்டு முறை சீட்டுப் போய்விடுகிறது. அட்டைக்கும் அதன் கிழிசீட்டுக்கும் ஒரே எண். கிழிசீட்டு நூலகத்தில் இருக்கும். அட்டை தொலைந்தால் அந்த எண்ணிலேயே புதியது கொடுத்து, அவர் சொல்லும் கட்டங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். கைபேசிப் படமும் போதும்.

அட்டையின் குறை, அறிக்கை. எத்தனை நிமிடம் படித்தார்கள் என்று கேட்டால் இதில் பதில் இல்லை. நிர்வாகம் அந்த எண்ணைக் கேட்கும் இடத்தில் மட்டும் ஆப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பரிசு

1973இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஓவியம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி, அதைக் கொடுத்தபோது, பின்னால் தாமாக வரையும் நேரம் மற்றவர்களில் பாதியளவுக்குக் குறைந்தது. சொல்லாமல் கொடுத்த குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. வயது வேறுதான், ஆனாலும் ‘இத்தனை படித்தால் இது’ என்ற பேரத்தில் கவனம் தேவை. சேரும் அன்றே தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துச் சொந்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி குலுக்கலாக இருக்கட்டும். பரிசு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, எதில் சீட்டுப் போடுவது என்பது அவர் விருப்பம். கடைசி நாளில் ஒரே பெரிய பரிசைவிட வாரம் ஒரு சிறு குலுக்கல் கூட்டத்தைத் தக்கவைக்கும். அட்டை எண்ணை அறிவித்தால் போதும். அந்த நேரத்தில் நேரில் இருந்தால்தான் பரிசு என்ற நிபந்தனை வேண்டாம்.

நாள் கணக்கு

அட்டையின் வேலைகளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க, திட்டம் தொடங்குவதற்கு 12 வாரம் முன்பு ஒரு கூட்டம். அச்சுக்கு நான்கு வாரம் முன்பு. பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவதைப் பள்ளியின் கடைசி இரண்டு வாரத்துக்குள் முடித்தாக வேண்டும்; பள்ளி பூட்டிய பிறகு இவர்களை ஒரே இடத்தில் பிடிக்க முடியாது. திட்டம் ஆறு வாரம் போதும், எட்டைத் தாண்ட வேண்டாம்.

முடிவில் மூன்று எண்களை எடுங்கள்: சேர்ந்தவர்கள், ஒரு முறையாவது அட்டையோடு திரும்பி வந்தவர்கள், ஒரு கோடாவது முடித்தவர்கள். முதல் இரண்டுக்கும் இடையே பள்ளம் பெரிதாக இருந்தால் கோளாறு சேர்க்கும் இடத்தில்: கொடுக்கும்போது யாரும் அட்டையை விளக்கவில்லை. பின்னிரண்டுக்கும் இடையே இருந்தால் கட்டங்கள் கடினம். எந்தக் கட்டம் அதிகம் காலியாக இருக்கிறது என்று திரும்பி வந்த அட்டைகளிலேயே தெரியும். அந்த அட்டைகளை அடுத்த வருடக் கூட்டம் வரை தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.