பால் இல்லாத பெப்பர்மின்ட் சாக்லேட்: மதுரை வெயிலில் நான்கு வருட அனுபவம்

2021 தீபாவளி அன்று தங்கை மகன் பலகாரத் தட்டைப் பார்த்து, "பெரியம்மா, இதுல எனக்கு எது?" என்று கேட்டான். அவனுக்குப் பால் ஒவ்வாமை. தட்டு முழுக்க நெய்யும் பால்கோவாவும்தான். முறுக்கைத் தவிர எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே, உள்ளே வெள்ளையாகப் பெப்பர்மின்ட் பாகு, வெளியே கருப்புச் சாக்லேட் என்று ஒரு மிட்டாய் செய்யப் பழக ஆரம்பித்தேன். அன்றிலிருந்து மாதம் ஒரு முறையாவது செய்து வருகிறேன்.

முதல் ஆறு மாதம் சரியாகவே வரவில்லை. நான் பார்த்த செய்முறைகள் எல்லாவற்றிலும் உள் பாகுக்குத் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லியிருந்தார்கள். குளிர் நாட்டுச் சமையலறையில் அது கட்டியாக நிற்கும். நம் ஊரில் மார்கழி விடியலில்தானே எண்ணெய் பாட்டில் உறைகிறது! 24, 25 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும். பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் பாகு கூழாகிவிட்டது. கடித்த குழந்தையின் சட்டையெல்லாம் பிசுபிசுப்பு. சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தேன், பால் மாதிரி வெள்ளையாக இருக்கட்டும் என்று தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்த்தேன். தேங்காய்ப்பால் போட்டது நாலே நாளில் சிக்கு வாடை அடித்தது.

கடைசியில் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் கோகோ வெண்ணெய் சேர்த்ததும்தான் விஷயம் பிடிபட்டது. பெயரில்தான் வெண்ணெய், அதில் பால் கிடையாது; கோகோ விதையின் கொழுப்பு. 34 டிகிரி வரை தாங்கும். இப்போது என் அளவு இதுதான்: ஐசிங் சர்க்கரை 250 கிராம், லிக்விட் குளுக்கோஸ் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி, உருக்கிய கோகோ வெண்ணெய் 15 கிராம். சப்பாத்தி மாவை விடச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டித் தட்டி, மெல்லிய துணி மூடி ஓர் இரவு வைத்துவிடுவேன். காலையில் மேலே லேசாகத் தோல் கட்டியிருக்கும். அந்தத் தோல் இருந்தால்தான் சாக்லேட்டில் முக்கும்போது கரையாது.

புதினா விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தையில் வாங்கும் கட்டுப் புதினாவை அரைத்துப் போட்டேன், நிழலில் உலர்த்திப் போட்டேன். இரண்டிலும் சட்னி மணம்தான் வந்தது. வாயில் குளிர்ச்சி தருவது மென்தால். பெப்பர்மின்ட் செடியில் அது நிறைய இருக்கிறது, நம் சமையல் புதினாவில் அவ்வளவு இல்லை. அதனால் பெப்பர்மின்ட் எண்ணெய்தான் வழி. ஆனால் உணவுக்கு உரியது என்று பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும். வாசனைக்கு என்று விற்பதை வாயில் வைக்கக் கூடாது. மேலே சொன்ன அளவுக்கு ஆறு சொட்டு போதும். பத்துச் சொட்டு விட்ட அன்று தலைவலித் தைலம் போலக் காரம் ஏறிவிட்டது.

சாக்லேட் வாங்கும்போது பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம்; பாலும் அதற்குள் அடக்கம். டார்க் என்று போட்டிருந்தாலும் பால் கொழுப்பு, மோர்ப்பொடி என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். 2022இல் வந்த விதிமுறைப்படி வீகன் உணவுக்கென்று, அதாவது பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவுக்கென்று, தனி முத்திரை இருக்கிறது, அதைத் தேடுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதுவும் போதாது. ஒரே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் ஓட்டியிருந்தால் துளி கலந்திருக்கலாம். பால் உள்ளேயே வராத இடத்தில் செய்கிறார்களா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுத்தான் வாங்குகிறேன். எனக்குக் கிடைத்தது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளைந்த கோகோ. லேசான பழப் புளிப்பு உண்டு. கோகோ 70 சதவீதம் உள்ள சாக்லேட் பெப்பர்மின்ட்டோடு அருமையாகச் சேருகிறது. 85க்குப் போனால் கசப்பும் குளிர்ச்சியும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். 2024இல் உலகச் சந்தையில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியபோது என் கையையும் கடித்தது. அந்த வருடம் பாதி அளவுதான் செய்தேன்.

சாக்லேட்டைச் சும்மா உருக்கி ஊற்றினால் மேலே சாம்பல் பூத்துவிடும், உடைத்தால் சத்தம் வராது. 45 டிகிரிக்கு மேல் உருக்கி, மூன்றில் ஒரு பங்கு நறுக்கிய துண்டுகளைப் போட்டுக் கிளறி 31, 32 டிகிரிக்கு இறக்க வேண்டும். குத்தி அளக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த நான்கு வருடத்தில் நான் போட்ட காசிலேயே உருப்படியான காசு அதுதான். அப்புறம், உருகிய சாக்லேட்டில் தண்ணீர் படவே கூடாது. ஒரு முறை கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது ஆவி சொட்டி 300 கிராம் சாக்லேட் பிட்டு மாவு போல உதிரியாகிவிட்டது. அதில் சூடான தேங்காய்ப்பால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் மறுபடி வழவழப்பாகும். மிட்டாய்க்கு ஆகாது, ஆனால் எல்லோருக்கும் அன்று நல்ல குடிபானம் கிடைத்தது.

சித்திரை, வைகாசியில் செய்யவே வேண்டாம். அறை 34 டிகிரி இருந்தால் சாக்லேட் எப்படி இறுகும்? ஏசி அறையை 22இல் வைத்துக்கொண்டு செய்தேன், வந்தது, ஆனால் கரண்டு போனதும் பாதியில் நின்றது.

முக்கும்போது அடிப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு கொடுங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் மூன்றாம் நாள் பாகு வியர்த்து வெளியே வரும். காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் என் வீட்டில் ஐந்து வாரம் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் மணம் இறங்கிவிடுகிறது. வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் விட வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துச் சாக்லேட் மேல் சர்க்கரை பூத்துவிடும்.

சிலிகான் அச்சு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அது பெப்பர்மின்ட் மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சோப்பு, வெந்நீர், வெயில் எதற்கும் போகவில்லை. போன பொங்கலுக்கு அதே அச்சில் ஊற்றிய ஆரஞ்சுச் சாக்லேட்டிலும் அந்த மணம். இப்போது பெப்பர்மின்ட்டுக்கென்று ஒரு அச்சைப் பச்சை நூல் கட்டித் தனியே வைத்திருக்கிறேன். தங்கை மகன் வீட்டுக்குள் வந்ததும் முதலில் பச்சை நூல் தொங்குகிற அலமாரியைத்தான் திறக்கிறான்.